ஜமீன்தார் வெட்டிய வாழை

அரண்மனை மதிலை ஒட்டிச் சமையல்காரி வெள்ளத்தாயின் குடிசை. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி அவள் வளர்த்த வாழை ஒருநாள் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டது. விடுவாரா ஜமீன்தார்? ஊரே பார்க்க, உடைவாளை உருவி ஒரே வீச்சில் இடுப்பளவில் சாய்த்தார்.

"என் மதிலைவிட உசரமாடி உன் வாழை? குடிசையைக் காலி பண்ணு!"

"நீங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள அது மறுபடி எந்திரிச்சுட்டா, சாமி?"

"வெட்டின வாழையா? எந்திரிச்சா இந்த இடமே உனக்குத்தான்!"

அன்றைக்கு வெள்ளத்தாய் பரிமாறினாள் பாருங்கள், அப்படி ஒரு விருந்து! கூட்டும் குழம்பும் ரசமும் பாயசமும் வந்துகொண்டே இருந்தன. எழப்போனவரை, "இன்னும் ஒரு கரண்டி சாமி" என்று உட்கார வைத்தாள்.

ஏப்பம் விட்டபடி வந்த ஜமீன்தார் அப்படியே நின்றுவிட்டார். வெட்டின இடத்தின் நடுவிலிருந்து இளம்பச்சைக் குருத்து ஒன்று விரல் உயரத்துக்குக் கிளம்பியிருந்தது. குனிந்து தொட்டார். குளிர்ந்து, ஈரமாக, உயிரோடு இருந்தது.

"எப்படிம்மா இது?" ஜமீன்தாரின் குரல் இறங்கியிருந்தது.

"வெட்டினது நீங்க, எந்திரிச்சது அது. நான் சோறு மட்டுந்தான் போட்டேன், சாமி."