காலி வண்டிக் கேள்வி

தீயணைப்புப் பயிற்சியில் ஜெயக்கொடியைத் தேறவிடக் கூடாது என்று அதிகாரி தணிகாசலம் முடிவு கட்டியிருந்தார். பெண்ணுக்கு இந்த வேலை ஆகாது என்பது அவர் கட்சி. கடைசி நேர்முகத் தேர்வில், சென்னையிலிருந்து வந்த இயக்குநர் பக்கத்திலிருக்க, அவளிடம் கேட்டார்.

“மாடியில் தீ. வண்டியில் தண்ணீர் இல்லை, குழாய் கிழிசல், ஏணி நீளாது. என்னம்மா செய்வாய்?”

“பக்கத்து நிலையத்து வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, ஆட்களைப் படிவழியே இறக்குவேன் ஐயா.”

“அப்புறம்?”

“வண்டி சரியாக இருக்கிறது என்று காலையில் கையெழுத்துப் போட்டவரைத் தேடுவேன்.”

தணிகாசலம் சிரித்தார். “அவரை எங்கே போய்த் தேடுவாய்?”

“தேடவே வேண்டாம் ஐயா. நீங்கள் சொன்ன வண்டி வெளியேதான் நிற்கிறது. கையெழுத்து உங்களுடையது.”

இயக்குநர் எழுந்துபோய் வண்டியின் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஜெயக்கொடி தேறினாள். அடுத்த அணியின் வண்டிப் பராமரிப்பு வகுப்பில், முதல் பெஞ்சில் தணிகாசலம் மாணவராக உட்கார்ந்திருந்தார்.