மடையான் எடுத்துக்கொண்ட முறை

மனிதரும் விலங்கும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், கொக்குகளில் ஒருவன் உடம்பெல்லாம் வெள்ளையாக, கழுத்தை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தான். 'முறை' என்ற சொல்லுக்கும் அப்போது ஒரே பொருள்தான். ஒரு தடவை, இரண்டு தடவை என்கிறோமே, அந்தத் தடவை.

ஒரு வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டது. மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. எல்லோரும் முண்டியடித்து இறங்கியதில் அதுவும் சேறாகி, யாரும் குடிக்க முடியாமல் போனது.

ஆடு மேய்க்கும் சடைச்சிதான் ஒரு வழி சொன்னாள். "ஒருத்தர் குடிச்சுக் கரையேறின பிறகு அடுத்தவர் இறங்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை. எருமைக்கும் ஒரு முறைதான், எறும்புக்கும் ஒரு முறைதான்."

"யாரு பார்த்துக்கிறது?" என்று எருமை கேட்டது.

"கொக்கு நிக்கட்டும். வெள்ளை உடம்பு, தூரத்துலயே தெரியும். காவல் நிக்கிறவன் கடைசியில குடிக்கணும்."

கொக்குக்குப் பெருமை தாங்கவில்லை. மடையில் நின்றதால் எல்லோரும் அவனை மடையான் என்று கூப்பிட்டார்கள். "அடுத்து யார் முறை?" என்பான். அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள்.

ஆட்காட்டிப் பறவை ஒருத்தி கண்மாய்க்குள் வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் வந்து, ஒரு வாய் குடித்து, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போவாள். அந்த ஈரத்தில்தான் முட்டைகள் சூடு தாங்கிக் கிடந்தன.

ஒரு நாள் சடைச்சியின் ஆடுகள் குடித்துக் கரையேறியபோது தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. கடைசிவரை நின்றால் தனக்குச் சேறுதான் மிஞ்சும் என்று மடையானுக்குப் பட்டது. நாக்கு உலர்ந்தது. அப்போது ஆட்காட்டி வந்தாள்.

"உன் முறை போயிடுச்சே தாயி. நேரத்துக்கு வர வேண்டாமா? நாளைக்கு வா," என்றான்.

அவள் வாதாடவில்லை. தான்தான் பிந்திவிட்டோம் என்று நினைத்துக் காய்ந்த வயிற்றோடு திரும்பினாள். மடையான் குனிந்து வேண்டுமட்டும் குடித்தான். நாளைக்கு அவளுக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் எல்லோரும் கூடியிருந்தபோது அவள் வந்தாள். மடையான் முந்திக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டு தடவை நனைச்சுக்கம்மா," என்றான்.

"இனி எதுக்குண்ணே? முட்டையெல்லாம் வெந்துபோச்சு."

சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து நீ ஏன் தண்ணி எடுக்காம போனே?"

"என் முறை போயிடுச்சுன்னு அண்ணன் சொன்னாரு."

"என் ஆடுகளுக்கு அடுத்தது நீதானே. நாங்க கரையேறையிலயே எதிரே வந்தியே." சடைச்சியின் குரல் இறங்கியது. "நீ காஞ்ச வயித்தோட திரும்பினதையும், பின்னாலேயே மடையான் குடிச்சதையும் பார்த்தேன். எங்க ஆடு குடிச்சாச்சுன்னு பேசாம இருந்துட்டேன்."

ஆட்காட்டி மடையானிடம் திரும்பினாள். அவளுக்கு உண்மை தெரிந்தால் போதும். "நேத்து நீங்க குடிச்சது உங்க முறையாண்ணே?"

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"முறையாண்ணே?" என்றாள் மறுபடியும்.

இந்தத் தடவை அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது. அவள் தடவைக் கணக்கைக் கேட்கவில்லை, நியாயத்தைக் கேட்கிறாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. மடையானுக்கும் புரிந்தது. அவன் கழுத்து மெல்ல மெல்லத் தோளுக்குள் இறங்கியது. யாரும் விரட்டாமலே பள்ளத்துச் சேற்றில் இறங்கிப் புரண்டான், தன் வெள்ளை யார் கண்ணிலும் படாதபடி.

பிறகு மழை வந்தது. கண்மாய் நிரம்பியது. சேற்று நிறம் மட்டும் போகவில்லை. புரண்டபோது மடக்கியிருந்த இறக்கைக்குள் மட்டும் வெள்ளை அப்படியே இருந்தது. விரித்தால் அது தெரிந்துவிடும் என்பதால், யாராவது மிதிக்கிற அளவுக்குக் கிட்டே வரும்வரை மடையான் பறப்பதில்லை.

தண்ணீருக்குக் காத்து நிற்கிறவர்கள் "இது என் முறை" என்பதும், அடுத்தவர் பங்கில் கைவைத்தவரைப் பார்த்து "இது முறையா?" என்று கேட்பதும் அந்த வறட்சியில் தொடங்கியதுதான். கேட்கப்பட்டவருக்கு இன்றும் பதில் வருவதில்லை. கழுத்துதான் உள்ளே போகிறது.