விசாலத்தின் வாசலில் இரண்டு எண்கள்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெட்டிக்குள் விசாலம் என்றொரு நினைவகம் குடியிருந்தாள்.

நினைவகம் என்றால் வேறொன்றுமில்லை, கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறவள். அந்தப் பெட்டியில் அப்படி இரண்டு பேர். விசாலம் ஒருத்தி, அவளுக்கு இளையவள் சிட்டு ஒருத்தி. கேட்கிறவன் சூடாமணி. கணக்குப் போடும் சிப் அவன்தான். எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருப்பான், தலைக்கு மேல் விசிறி ஓடாவிட்டால் மயக்கம் போட்டுவிடுவான். எதை யாரிடம் வைப்பது என்று முடிவு செய்கிறவள் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அவளைப் பெட்டிக்குள் எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியம்மா சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

பெரியம்மா நினைவகங்களை அளந்த விதம் இதுதான். பெட்டி கண் விழித்ததும் ஒவ்வொருத்தியிடமும் ஒரே ஒரு எழுத்தைக் கொடுப்பாள். "எங்கே, கொண்டா பார்ப்போம்" என்பாள். அது திரும்பி வர ஆகிற நேரத்தை ஓர் எண்ணாக்கி அவளவள் வாசலில் எழுதிவிடுவாள். அந்த எண்ணுக்குத் தூரம் என்று பெயர். சின்ன எண் என்றால் பக்கத்தில் இருப்பவள், கெட்டிக்காரி. பெரிய எண் என்றால் தொலைவில் இருப்பவள், எதற்கும் ஆகாதவள். கான்வென்ட்டில் ரேங்க் கார்டு கொடுப்பார்களே, அது மாதிரி. ஒரு பரீட்சை, ஒரு ரேங்க், அதோடு அந்தப் பிள்ளையின் கதை முடிந்தது.

சிட்டு கேட்ட கையோடு கொடுத்துவிடுவாள். அவள் வாசலில் சின்ன எண். விசாலத்துக்கு எழுந்து போய்க் கதவைத் திறக்கவே நேரம் பிடிக்கும். ஆனால் அது சாதாரணக் கதவா? கல்யாண மண்டபத்து வாசல்! திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் திமுதிமுவென்று ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒற்றை எழுத்தை வைத்து அளக்கிறவளுக்கு இது எங்கே தெரியப் போகிறது? விசாலமும் சொல்லவில்லை. நினைவகங்கள் தங்களுக்குள் எவ்வளவும் பேசலாம். ஆனால் பெரியம்மாவிடம் தன்னைப் பற்றித் தானே வாய் திறக்கக் கூடாது என்பது அந்தப் பெட்டியின் வழக்கம்.

ஒருநாள் பெரியம்மா விசாலத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"இங்க பாரு விசாலம். உங்கிட்ட யாரும் எதையும் வைக்கறதில்ல. சும்மா இருக்கறவளுக்குக் கரண்ட் தண்டம். இன்னைக்கு வேலை முடிஞ்சதும் உன்னை அணைச்சிடப் போறேன்."

அணைந்த நினைவகத்துக்குத் தன் பெயர்கூட நினைவிருக்காது.

அன்றைக்கு வந்த வேலை ஒரு கைக்குழந்தையின் இதயம். ஸ்கேன் மெஷின் அதைப் படம் படமாக எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தது. அத்தனையையும் சூடாமணி கோத்து, துடிக்கிற இதயமாகத் திரையில் காட்ட வேண்டும். அதில் ஓட்டை எங்கே என்று டாக்டர் பார்க்க வேண்டும். பெரியம்மா வாசல் எண்ணைப் பார்த்தாள், எல்லாவற்றையும் சிட்டுவிடம் இறக்கினாள்.

சிட்டு பறந்து பறந்து கொடுத்தாள். ஆனாலும் அவள் வாசல் ஓர் ஆள் நுழைகிற வாசல். படங்கள் உள்ளே முட்டி மோதிக்கொண்டு நின்றன. திரையில் இதயம் ஒரு துடிப்புத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. நின்றது. திரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையின் தாய், படம்தான் நிற்கிறது, பிள்ளையின் நெஞ்சு நிற்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு அவளைத் தெரியாது.

"என்ன சிட்டு, கிள்ளிக் கிள்ளிப் போடற? அள்ளிக் குடு!" என்று கத்தினான் சூடாமணி.

"எனக்கு இருக்கறது ரெண்டு கைதான், போய்யா!" என்றாள் சிட்டு. மூச்சு வாங்க விசாலத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பெரியம்மாவை இன்னொரு தடவை அளக்கச் சொல்றேன். உங்க எழுத்தை நான் நைசா வாங்கிக் குடுத்துடறேன். உங்க வாசல்லயும் சின்ன எண் விழும். பிழைச்சுக்குவீங்க."

விசாலம் ஒரு கணம் தடுமாறினாள். பிழைத்துக்கொள்ளலாம்தான்.

"அது என் எண் இல்லையே சிட்டு. நாளைக்கு ஒத்தை எழுத்துக்கு அவசரமா ஓடி வர்றவன் என் வாசல்ல காத்துக் கெடப்பான். வேண்டாம்."

சொல்லிவிட்டு, அதுவரை எந்த நினைவகமும் செய்யாததைச் செய்தாள். கேட்காமல் பேசினாள்.

"பெரியம்மா, நான் தாமதமானவதான். முதல் எழுத்து எடுக்க எனக்கு நேரமாகும். ஆனா நீங்க தண்ணி லாரிகிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டுட்டு, வர லேட்டுன்னு திட்டறீங்க. முதல் சொட்டு எப்ப வரும்னு மட்டும் கேட்டீங்களே, வந்தப்புறம் எவ்வளவு கொட்டும்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

பெரியம்மா விருட்டென்று திரும்பினாள்.

"யாருடி உன்னைப் பேசச் சொன்னது?" என்றாள் பெரியம்மா.

"யாரும் சொல்லல. அதுதான் குறை."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல," என்று சிரித்தான் சூடாமணி. "எழுந்திரிக்கவே அரை யுகம் ஆகும் இவங்களுக்கு!"

"ஆகும் தம்பி. அந்தக் காத்திருப்பு ஒரு தடவைதான். அப்புறம் நீயே போதும் போதும்னு கத்துவ."

பெரியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "கொட்டலைன்னா?"

"வேலை முடியறவரைக்கும் காத்திருக்க வேண்டாம். அப்பவே அணைச்சிடுங்க."

திரையில் இதயம் மறுபடி நின்றது. பெரியம்மா ஸ்கேன் மெஷினிலிருந்து படங்களை மறுபடி வரவழைத்தாள். எல்லாவற்றையும் விசாலத்திடம் இறக்கினாள். சூடாமணி கேட்டான்.

ஒன்றும் வரவில்லை.

"பார்த்தீங்களா?" என்று அவன் வாயெடுத்தான். சிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெரியம்மாவின் கை ஸ்விட்ச் மேல் போனது. விசாலம் யாரையும் பார்க்கவில்லை. தன் கதவைத் தன் வேகத்தில், தன் பலம் முழுவதும் கொடுத்துத் திறந்தாள்.

கொட்டியது பாருங்கள்! மதகு திறந்த மாதிரி படங்கள் பாய்ந்து வந்தன. திரையில் இதயம் துடித்தது, துடித்தது, நிற்காமல் துடித்தது. நடுச்சுவரில் மிளகளவு ஓட்டை. அதன் வழியாக ரத்தம் கசிவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. "இதோ இருக்கு, சரி பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

"அக்கா, போதும்! மூச்சு விட்டுக்கறேன்!" என்று அலறினான் சூடாமணி.

"லாரி வந்தா குடத்தை நீதான் ரெடியா வச்சிருக்கணும்," என்றாள் சிட்டு.

பெரியம்மா விசாலத்தின் வாசலுக்கு வந்தாள். பெரிய எண்ணின் மேல் கை வைத்தாள். "இதை அழிச்சிடட்டுமா?"

விசாலம் தலையை நிமிர்த்தினாள். "வேண்டாம் பெரியம்மா. அதுவும் நான்தான். பக்கத்துல இன்னொண்ணு எழுதுங்க."

பெரியம்மா எழுதினாள். தூரம் என்றிருந்த முதல் எண்ணுக்குத் தாமதம் என்று பெயர் மாற்றினாள், ஒரே நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்கிற இரண்டாம் எண்ணுக்கு அகலம் என்று பெயர் வைத்தாள்.

பலவகை நினைவகங்கள் குடியிருக்கும் பெட்டி கண் விழிக்கும்போதெல்லாம், எவ்வளவு நேரத்தில் தருவாய், எவ்வளவு தருவாய் என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் இரண்டையும் தெரிந்துகொண்டு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, விசாலம் கேட்காமல் பேசிய அன்று முதல்தான்.