குழம்புக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் மூடி

நிசிம் அலெப்போ நகரத்து யூதர். பத்து வருடமாக மிளகு வாங்கக் கொச்சிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் கூடவே ஒரு சமையல்காரரையும் கூட்டி வருவார். தண்ணீரைக்கூட அந்த மனிதர் காய்ச்சித் தந்தால்தான் குடிப்பார். மனைவி இறந்தபின் ஊர் திரும்ப மனமில்லாமல், கொச்சிக்கு வடக்கே பறவூரில், யூதர் தெருவில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார். சமையல்காரரும் தங்கிவிட்டார்.

அந்தத் தெருவில் வேதம் சொல்லிக்கொடுத்தவர் எலியாஹு. நிசிமைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் நிசிம் அவரை ஆசான் என்றுதான் அழைத்தார். அவருடைய படிப்பின் மேல் அவ்வளவு மரியாதை. மற்ற எல்லா விஷயத்திலும் அலெப்போதான் உசத்தி.

ஒரு நாள் பாடம் முடிந்ததும் நிசிம் மனதில் இருந்ததைக் கொட்டினார். இங்கே ஜெபக்கூடத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகிறார்கள், பக்கத்துக் கோயிலில் செய்வதுபோல. கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாலி கட்டுகிறார்கள், அதுவும் அக்கம்பக்கத்து இந்துக்களைப் பார்த்துத்தான். பெண்கள் ஆபிரகாமைப் பற்றிப் பாடினாலும் மலையாளத்தில் பாடுகிறார்கள்.

தாலி அவரை உறுத்தியதற்குக் காரணம் இருந்தது. அதே தெருவில் இருந்த சிம்ஹா என்ற கைம்பெண்ணை அவர் அடுத்த மாதம் மணப்பதாக இருந்தது. சிம்ஹாவை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த வயதில் மனதில் இப்படி ஓர் ஆசை வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

“ஆசானே, இதிலெல்லாம் நம்முடையது எது?”

எலியாஹு புத்தகத்தை மூடி வைத்தார்.

“வியாழக்கிழமை சிம்ஹா வீட்டில் நிச்சய விருந்து. அன்று உங்கள் சமையல்காரருக்கு ஓய்வு கொடுங்கள்.”

வியாழக்கிழமை சிம்ஹா காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தாள். அப்பமும் கோழிக்குழம்பும் அவளே செய்தாள். உறவுகள் கூடி உட்கார்ந்தார்கள். நிசிமின் இலையில் முதலில் அப்பம் விழுந்தது. பிறகு குழம்பு. கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

நிசிம் எழுந்து நின்றுவிட்டார்.

பாலும் இறைச்சியும் ஒன்றாகச் சேரக்கூடாது என்பது யூதர் வீட்டுச் சட்டம். அலெப்போவில் அதைப் பச்சைக் குழந்தையும் அறியும். பாலில் வெந்த கோழியை ஒரு யூதன் எப்படித் தொடுவான் என்று அவர் எல்லார் முன்னாலும் கேட்டார். குரல் வேறு உயர்ந்துவிட்டது.

சிம்ஹாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

நிசிம் ஆசானைப் பார்த்தார். ஆசான் ஓர் அப்பத்தைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் இன்னொன்று கேட்டு வாங்கினார். நிசிமுக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே நடந்தார். சற்று நேரத்தில் சிம்ஹாவின் அண்ணன் மோசே பின்னாலேயே வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நிசிம் ஆசானிடம் விடைபெறப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கப்பல் இருந்தது.

எலியாஹு முற்றத்தில் ஒரு தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மூடியையும் துருவியையும் நிசிமிடம் நகர்த்தி வைத்தார்.

“போவதற்கு முன்னால் இதைத் துருவிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.”

நிசிம் வாழ்க்கையில் தேங்காய் துருவியவர் இல்லை. துருவியது பாதி தேங்காய், பாதி விரல். ஆசான் அந்தத் துருவலில் வெந்நீர் தெளித்து ஒரு துணியில் கட்டி அவர் கையில் கொடுத்தார். பிழியச் சொன்னார்.

நிசிம் பிழிந்தார். கிண்ணத்தில் பால் விழுந்தது. கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இது எந்த மாட்டின் பால்?” என்று ஆசான் கேட்டார்.

அவமானம் நிசிமின் காது மடல்வரை ஏறியது.

“நேற்றே சொல்லியிருக்கலாமே, ஆசானே.”

“நீங்கள் கேட்கவில்லையே. தீர்ப்பல்லவா சொன்னீர்கள்.”

நிசிம் தலையைக் குனிந்துகொண்டார். ஆசான் அவர் விரல்களுக்குத் துணி சுற்றிவிட்டபடியே, அலெப்போவில் பண்டிகைக்கு என்ன சமைப்பார்கள் என்று விசாரித்தார். நிசிமுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா பாதாமை அரைத்துப் பால் எடுத்து அதில் கோழியை வேகவைப்பாள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார்.

“யாரிடம் கற்றுக்கொண்டார்?”

“பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவிடம்.”

“உங்கள் வீட்டிலும் வெள்ளைக் குழம்புதான். வந்தவர்கள் எழுந்து போனார்களா?”

“இல்லை. அம்மா தட்டுக்குப் பக்கத்தில் நாலு முழுப் பாதாமை வைத்துவிடுவாள். பார்த்ததும் இது எந்தப் பால் என்று புரிந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது.”

“பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படி வைப்பார்களா?”

“அவர்களுக்கு எதற்கு? அந்தச் சட்டம் நமக்குத்தானே.”

ஆசான் பிழிந்த பாலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

நிசிம் நேராக சிம்ஹா வீட்டுக்குப் போனார். மோசே வாசலிலேயே மறித்தார். நிசிம் நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். தேங்காயிலும் பால் உண்டு என்று தெரியாமல் பேசிவிட்டதாகச் சொன்னார். பத்து வருடம் தென்னை மரத்தடியில் மிளகு எடை போட்டவர் சொல்லும் பேச்சா இது என்று மோசேக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

சிம்ஹா வெளியே வந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மாட்டுப் பால் என்று நினைத்தது தப்பில்லை. நான் அப்படிச் செய்வேன் என்று எப்படி நினைத்தீர்கள்?”



“இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் வேதச் சட்டத்தை மதிப்பதில்லை என்று நினைத்துவிட்டேன்” என்றார் நிசிம்.

சிம்ஹா அவரையே பார்த்தாள். பிறகு துணி சுற்றிய மூன்று விரல்களைப் பார்த்தாள்.

“கையில் என்ன?”

“தேங்காய் துருவினேன்.”

“எத்தனை தேங்காய்?”

“ஒரு மூடி.”

அப்போதுதான் அவள் சிரித்தாள். நேற்றைய குழம்பு மிச்சம் இருக்கிறது, சுடவைக்கிறேன், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நிசிம் நாலு அப்பம் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் சமையல்காரர் மட்டும் ஊருக்குப் போனார். அவருக்கும் அது சந்தோஷம்தான்.

அடுத்த மாதம் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரிதான் பெண்ணுக்குத் தாலி கட்ட வேண்டும். நிசிமுக்கு அங்கே சகோதரி என்று யாரும் இல்லை. எலியாஹுவின் மனைவி முன்னால் வந்து, இனி நான்தான் இவருக்குத் தங்கை என்று சொல்லிக் கட்டினாள். பெண்கள் மலையாளத்தில் சாராளையும் ரெபெக்காளையும் பாடினார்கள். தாலியைப் பற்றி அத்தனை பேசிய நிசிம் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

விருந்துக்கு அலெப்போ வியாபாரிகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். கப்பலிலிருந்து அன்றுதான் இறங்கியவர்கள். வெள்ளைக் குழம்புப் பாத்திரம் வந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இலையிலிருந்து கையைப் பின்னுக்கு இழுத்தார்.

நிசிம் மாப்பிள்ளைக் கோலத்திலேயே எழுந்து அடுப்படிக்கு ஓடினார். ஒரு தேங்காய் மூடியைக் கொண்டுவந்து பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வியாபாரிகள் அதைப் பார்த்தார்கள். குழம்பைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பாட்டியின் பாதாமைப் பற்றி ஏதோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். குழம்பை இரண்டாவது முறை பரிமாற வேண்டியிருந்தது.

நிசிம் வந்து ஆசான் பக்கத்தில் உட்கார்ந்தார். மனம் நிறைந்திருந்தது. இருந்தாலும் பழைய கேள்வி போகவில்லை.

“ஆசானே, செருப்புக் கழற்றுவது அவர்கள் வழக்கம். தாலி அவர்களுடையது. பாட்டு அவர்கள் மொழி. குழம்பும் அவர்கள் குழம்பு. அலெப்போவில் என் அம்மா வைத்ததுகூடப் பக்கத்து வீட்டுக் குழம்புதான். நம்முடையது எது?”

எலியாஹு இன்னோர் அப்பத்தை எடுத்துக்கொண்டார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த தேங்காய் மூடியைக் காட்டினார்.

“இப்போது எழுந்து ஓடிப் போய் எடுத்துவந்தீர்களே, அது.”