கட்டைவிரலுக்குச் சொந்தக்காரன்

முன்னொரு காலத்தில் தேன்மலை நாட்டை உக்கிரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. காலையில் "வெட்டு அவனை" என்பார்; சாப்பிட்டு எழுந்ததும் "போடு அவனுக்கு ஒரு மாலை" என்பார். நடுவில் மாட்டியவன் பாடு திண்டாட்டம்.

அந்த ஊரில் உலகப்பன் என்று ஒரு செப்படி வித்தைக்காரன் இருந்தான். உங்கள் எதிரிலேயே பாயில் உட்காருவான். மூன்று மரச்செப்பைக் கவிழ்ப்பான். உங்கள் மூக்குக்கு நேராகவே ஒரு கொட்டைப்பாக்கை இந்தச் செப்பிலிருந்து அந்தச் செப்புக்கு அனுப்பிவிடுவான். கல்யாணமோ வளைகாப்போ, அவனுக்குத்தான் முதலில் ஆள் வரும். எதற்கு என்கிறீர்கள்? முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் பசியில் சண்டை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள! அதுதான் அவன் பிழைப்பு. விரல் மரத்துவிடும் என்று மண்வெட்டி தொடமாட்டான், விறகு பிளக்கமாட்டான். பிளப்பதெல்லாம் அவன் பெண்சாதி சடைச்சி. "மகாராணிக்குக்கூட இப்படிப் பூப்போல கை கிடையாது" என்று தினமும் அவனுக்கு அர்ச்சனை நடக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து காட்டும் வித்தைக்கு ஒரு முறை உண்டு. கூட்டத்தில் முதலில் சிரிப்பவரைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவரைத்தான் விளையாட்டுக்கு இழுக்க வேண்டும். இளவரசியின் காதுகுத்தில், ராஜாவின் ஓலைகளை எழுதும் தானாபதி திருமேனியார் பல் தெரிய முகத்தைக் கோணிக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று நினைத்து, உலகப்பன் அவர் காதிலிருந்து பாக்கை எடுத்துக் காட்டினான். அட கண்றாவியே, அது சிரிப்பில்லை, பல்வலி! ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு போயிற்றா? தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தானாபதியோடு பேசிக்கொண்டிருந்த ராஜா, அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு உலகப்பனைக் கூப்பிட ஆரம்பித்தார். தானாபதிக்கு வயிறு எரிந்தது. எழுத்தாணியை எடுத்தார், புகார் ஓலையை எழுதினார்.

மறுநாள் காலையிலேயே உலகப்பனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மகாராஜா, இன்னிக்குப் பாக்கை மறைக்கிறவன் நாளைக்குப் பொக்கிஷத்தையே மறைப்பான். இந்தக் கை நாட்டுக்கு ஆகாது" என்றார் தானாபதி.

"அதுவும் நியாயமாத்தான் இருக்கு" என்றார் ராஜா. காலை நேரமல்லவா!

"உங்க முத்திரை மோதிரத்தை இவன் மறைக்கட்டும். நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஈ போகாது. மறைச்ச மோதிரம் எவன்கிட்ட அகப்படுதோ, அவனோட வலதுகைக் கட்டைவிரலை எடுத்துடணும்."

உலகப்பன் தன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். கட்டைவிரல் போனால் பாக்கை எதால் பிடிப்பது? வேறு வேலையும் தெரியாதே! மெதுவாகக் கேட்டான்: "அகப்படுறது யாரா இருந்தாலுமா, ஐயா?"

"யாரா இருந்தாலும்தான்! அதில் என்னடா சந்தேகம்?"

"மகாராஜா வாயால சொன்னா நல்லது."

"யாரா இருந்தாலும்தான்! நீ ஜெயிச்சா, கேட்டதைத் தருவேன். ராஜவாக்கு" என்றார் ராஜா.

பாய் விரித்தார்கள். உலகப்பனின் மேல்துண்டை உருவிக்கொண்டார்கள். தானாபதி முட்டிக்கு முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்தார். உலகப்பன் மோதிரத்தைச் செப்புக்கு அடியில் வைத்தான், செப்புகளை உருட்டினான், புரட்டினான்.

வேடிக்கை பார்க்க வந்தவன் பொறுமையாகப் பார்ப்பான். பிடிக்க வந்தவனோ எது அசைந்தாலும் பாய்வான். எத்தனை பந்தலில் எத்தனை பேரைப் பார்த்தவன் உலகப்பன்! திடீரென்று இடது கையை மூடினான். அதை மடிப்பக்கம் இழுத்தான். திருட்டு முழி முழித்தான்.

"பிடிச்சுட்டேன்!" தானாபதி பாய்ந்து இரண்டு கையாலும் அந்த இடது கையைக் கெட்டியாகப் பற்றினார். "திறடா! திறடா கையை!" உலகப்பன் விடவில்லை. "ஐயோ, வலிக்குதே ஐயா!" என்று கத்தினான். சபையே எட்டிப் பார்த்தது. ராஜாகூட சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்துவிட்டார். ஒவ்வொரு விரலாகப் பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. மூன்று செப்பையும் நிமிர்த்தினார்கள். அங்கேயும் இல்லை.

"மோதிரம் எங்கேடா?"

"ஐயா கொஞ்சம் எழுந்து நின்னா தெரியும்."

தானாபதி எழுந்தார். அவர் மடியிலிருந்து மோதிரம் 'ணங்' என்று விழுந்து ராஜா காலடிக்கு உருண்டது. இருக்காதா பின்னே? எல்லோரும் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கையைக் கவனிக்க யார் இருந்தார்கள்?

"மகாராஜா! இது இவன் வேலை!"

"அவன் வேலையே அதுதானேய்யா! அதைப் பிடிக்கத்தானே நீர் உட்கார்ந்தீர்?" என்றார் ராஜா. "உலகப்பா, ஜெயிச்சுட்டே. என்ன வேணும், கேள்."

"தானாபதி ஐயாவோட கட்டைவிரலைக் கொடுங்க, மகாராஜா."

தானாபதி வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். காவலாளி வாளை உருவினான். தானாபதி கையை ஒளிப்பதைப் பார்த்ததும், உலகப்பனுக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் போய் ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது.

"வாள் எதுக்கு, மகாராஜா? விரல் எனக்குன்னு ஆயிடுச்சு. அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்ணப்போறேன்? ஐயா கையிலேயே இருக்கட்டும். சோறு பிசையட்டும், வெற்றிலை மடிக்கட்டும். ஆனா எழுத்தாணியைத் தொடணும்னா மட்டும் சொந்தக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்."

ராஜா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தானாபதி, அது யார் விரல்? சபைக்குச் சொல்லும்."

தானாபதி தலை நிமிரவில்லை. "உலகப்பனோடது, மகாராஜா."

அன்று முதல் தானாபதி ஒரு வரி எழுத வேண்டுமென்றாலும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. "ஐயா விரல் கேட்கிறார்" என்று உலகப்பன் வீட்டு வாசலில் ஆள் நிற்பான். சடைச்சி உள்ளேயிருந்தே சத்தம் போடுவாள்: "அவர் தூங்குறார். எழுந்ததும் கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லு!"