பிடரிக்குப் பின்னால் ஒரு பந்து

"கோச், என் ஜோடியை மாத்திக் கொடுங்க. முடியலேன்னா ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்க" என்றார் நீலமேகம்.

கோச் தமயந்தி உள்ளங்கையில் வறுத்த வேர்க்கடலையைத் தேய்த்துத் தோலை ஊதினாள்.

சீடருக்கு முப்பத்தாறு வயது. குருவுக்கு இருபத்தொன்பது. முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்டவள் அவள். முழங்கால் கெடாமலே ஆட்டம் கெட்டுக்கொண்டிருந்தது இவருக்கு.

"ஹெல்மெட் மாட்டிக்கிட்டு யாரும் டென்னிஸ் ஆடினதில்ல சார்."

"போன புதன்கிழமை வரைக்கும் என்னையும் யாரும் பின்னாலேர்ந்து அடிச்சதில்ல."

கோச் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அரையிறுதி. ஆண்கள் இரட்டையர்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவன் பின்கோட்டில் நின்று சர்வ் போடுவான். அவன் ஜோடி முன்னால், வலையருகே, அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பான். பந்து பிடரியை உரசாத குறையாகப் பறக்கும். முன்னால் நிற்பவன் இடுப்புக்குப் பின்னால் கையை ஒளித்து ஜாடை காட்டுவான். ஒரு விரல் என்றால், "நான் பாய்ந்து இடம் மாறப்போகிறேன்." மூடிய கை என்றால், "இங்கேயே நிற்பேன்." பின்னால் இருப்பவன் மெதுவாகச் "சரி" என்பான். திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

நீலமேகத்தின் ஜோடி ரொமால்டு, தூத்துக்குடிப் பையன். அவன் சர்வ் சாதாரண சர்வ் அல்ல. ஊரில் பழகும்போது ஒருநாள் பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குள் புகுந்து, சும்மா இருந்த தவிலின் மேல் விழுந்ததாம். முகூர்த்தம் வந்துவிட்டது என்று மற்ற மேளக்காரர்களும் சேர்ந்து கொட்ட, மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டாராம். இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அந்த சர்வ்தான் புதன்கிழமை நீலமேகத்தின் பிடரியில் இறங்கியது. ஆள் ஆறேகால் அடி; அன்றைக்குக் குனிந்தது போதவில்லை. எழுந்த சத்தத்தில் மூன்று கோர்ட் தள்ளியிருந்த நடுவர் "அவுட்" என்று கத்தினார்.

அன்றிலிருந்து நீலமேகம் ஓட்டலில் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் சாப்பிட உட்காருகிறார். லிஃப்டில் ஏறினால் கதவைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்து நிற்கிறார். ஆட்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

"அவன் பந்தைத் தூக்கினதும் என் கழுத்து தானா திரும்புது கோச். திரும்பினா எதிரே வர்ற பந்தை விட்டுடறேன். திரும்பலேன்னா மூச்சு வரல."

"ரொமால்டு சர்வ் எப்படி இருக்கு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நாசமா இருக்கு. முதல் சர்வும் வெளியே, ரெண்டாவதும் வெளியே. எங்கே போகும்னு அவனுக்கே தெரியல. நான் திரும்பிப் பார்க்காம எப்படி இருக்கறது?"

"எப்பலேர்ந்து?"

"புதன்கிழமைக்கு அப்புறம்தான்."

கோச் இன்னொரு கடலையை நசுக்கினாள்.

நீலமேகம் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குத் தோத்தா அவன் போயிடுவான் கோச். காலையில டிபன் சாப்பிடற இடத்துல ஜோடி இல்லாம அலையற அந்த ஸ்பெயின்காரன் அவன் பக்கத்துல உட்கார்ந்து பொங்கலுக்குச் சட்னி ஊத்திக் கொடுக்கறான். சும்மா ஊத்துவானா? இந்த வயசுல எனக்கு இன்னொரு ஜோடி யார் வருவா? தனியா நின்னு இரட்டையர் ஆட முடியுமா?"

தமயந்தி எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. நொண்டிக்கொண்டே வலையருகே போய், அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள்.

"போடுங்க சார்."

"உங்க தலை குறுக்கே இருக்கே."

"அங்கேதான் இருக்கும்."

நீலமேகம் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தார். பந்தைத் தட்டினார், தூக்கினார், அடித்தார். கட்டத்துக்குள் விழுந்தது.

மறுபடி அடித்தார். உள்ளேதான்.

அடுத்த பந்து அவர் கையை விட்டு மேலே எழும்பியதும் தமயந்தி சட்டென்று கழுத்தைத் திருப்பினாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அடிபடப்போகிற ஆட்டுக்குட்டியின் கண்ணோடு அவரையே பார்த்தாள்.

பந்து வலையில் போய் விழுந்தது.

இன்னொன்று. மறுபடியும் அதே பார்வை. பந்து வேலிக்கு மேல் பறந்தது.

இன்னொன்று. அது எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை.

"கோச்! இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிப் போடறது?"

தமயந்தி திரும்பவும் கடலையை மெல்லத் தொடங்கினாள்.

நீலமேகம் மட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கிட்டே வந்து கேட்டார். "சரி கோச். நான் திரும்பல. ஆனா மறுபடியும் பட்டுட்டா?"

"படலாம்."

"பட்டா?"

மீதிக் கடலையை அவர் கையில் கொட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஆளுக்கொரு செட். கடைசியில் டைபிரேக். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி.

எட்டுக்கு ஒன்பது. பின்தங்கியிருந்தது இவர்கள். சர்வ் ரொமால்டுடையது.

முன்வரிசையில் ஸ்பெயின்காரன் உட்கார்ந்திருந்தான்.

நீலமேகம் வலையருகே குனிந்தார். முழங்காலில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். இடுப்புக்குப் பின்னால் கையை மூடிக் காட்டினார்.

"சரிண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதில் தெம்பே இல்லை.

பந்து தரையில் தட்டுகிற சத்தம். தட், தட். பிடரியில் எறும்பு ஊர்ந்தது. தட். கழுத்து நரம்பு தானாக முறுக்கியது. எதிரே நின்றவனின் ஷூ நாடாவைப் பார்த்தார். இடது நாடா அவிழ்ந்திருந்தது. அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறவர் மாதிரி பார்த்தார்.

தட்டுகிற சத்தம் நின்றது.

பந்து மேலே போயிருக்கும். இப்போது வரும். இப்போது.

பளாரென்று விழுந்தது. அதே பிடரி. அதே இடம்.

கூட்டம் முழுவதும் "ஐயோ" என்றது. ஸ்பெயின்காரனும் ஐயோ என்றான். இரண்டு நாள் பொங்கல் சாப்பிட்டதில் தமிழ் வந்துவிட்டது போலிருக்கிறது. மேல்வரிசையில் தமயந்தியின் கை கடலையோடு பாதி வழியில் நின்றது.

"ஃபால்ட்" என்றார் நடுவர்.

இன்னும் ஒரே சர்வ். அதுவும் தவறினால் ஆட்டம் போயிற்று. ஜோடியும் போயிற்று.

மைதானத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பின்னால் ரொமால்டு மூச்சுவிடுவது கேட்டது. அழுகிறவன் மூச்சு மாதிரி இருந்தது.

"அண்ணே... ரொம்ப வலிக்காண்ணே?"

நீலமேகத்தின் கண்ணில் நீர் முட்டியது. ஷூ நாடா இரண்டாகத் தெரிந்தது, நாலாகத் தெரிந்தது. கழுத்து அசையவில்லை.

கை மட்டும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது. ஒரு விரல் நீண்டது.

"பந்தைப் போடுடா தம்பி."