ஒரு பை, இரண்டு வார்டு, மூன்று படம்

உடையப்பன் இருபத்திரண்டு வருடம் ரத்த வங்கியில் வேலை பார்த்தவர். நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வடிவமைப்பு கற்றுக்கொள்ள வந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்த நிறைமதிக்கு வயது முப்பத்தொன்று. அலுவலகத்தில் சிலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. உடையப்பனுக்கு அப்படி இல்லை.

ஒரு நாள் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டும் விபத்து வார்டும் ஒரே சமயத்தில் ஓ நெகட்டிவ் ரத்தம் தேடின. இருந்தது ஒரே ஒரு பை. இந்த நிறுவனம் எழுதிக்கொடுத்த மென்பொருள் இரண்டு வார்டுக்கும் 'இருக்கிறது' என்று காட்டிவிட்டது. பை விபத்து வார்டுக்குப் போயிற்று. வெளியிலிருந்து ரத்தம் வந்து சேர நாற்பது நிமிடம். அதுவரை பிரசவ வார்டில் ஒரு தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிழைத்துவிட்டாள்.

"இன்னொரு தரம் இது நடக்கக் கூடாது" என்றார் உடையப்பன். எங்கே தப்பு என்று நர்சுகளுக்கும் புரோகிராமர்களுக்கும் விளக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்குக் கூட்டம்.

நிறைமதி வந்தபோது சுவரில் அந்த மென்பொருளை விளக்கும் மூன்று படங்கள் ஒட்டியிருந்தன.

"மேடம், இதில் எது சரியான படம்?"

"மூணும் சரிதான் அண்ணா."

"அப்ப எதைக் காட்டறது?"

"பிரசவ வார்டு நர்ஸ் ரத்தம் கேட்டாங்களே, அந்த இடத்தில் விரலை வைங்க."

முதல் படம் எந்தக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டியது. விரலுக்கு இடமில்லை. அடுத்தது நோயாளி, பை, வார்டு என்று கட்டம் போட்டு உறவு சொன்ன கிளாஸ் டயகிராம். அதிலும் இல்லை. மூன்றாவது, வேலை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போகிறது என்று காட்டும் ஃப்ளோசார்ட். விரல் சட்டென்று ஒரு கட்டத்தில் போய் நின்றது.

"இப்ப விபத்து வார்டு நர்ஸ்."

விரல் அதே கட்டத்திலேயே நின்றது.

"ரெண்டு பேரும் ஒரே ஆளா அண்ணா?"

"இல்லை மேடம். இதில் ஒருத்தர் நடக்கத்தான் வழி இருக்கு."

சொல்லிவிட்டு உடையப்பன் மூன்றையும் கழற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக மூன்று கோடுகள்: ஒரு வார்டு, ரத்த வங்கி, இன்னொரு வார்டு. யார் எப்போது யாரிடம் என்ன கேட்டார்கள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அம்புகள். சீக்வென்ஸ் டயகிராம்.

கூட்டத்தில் பிரசவ வார்டு நர்ஸ் எழுந்து படத்தின் அருகே வந்தார்.

"நான் 'இருக்கா'ன்னு கேட்டேன். 'எனக்கு வேணும்'னு சொல்றதுக்குள்ள நடுவுல விபத்து வார்டுக்காரங்க புகுந்துட்டாங்க. இதோ இங்கே."

புரோகிராமர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கும்போதே பையைக் கேட்ட வார்டின் பெயரில் ஒதுக்கிவிடுவது என்று பத்து நிமிடத்தில் முடிவாயிற்று.

எல்லோரும் போன பிறகு உடையப்பன் நாற்காலியில் சாய்ந்தார்.

"சூட்சுமத்தைப் பிடிச்சுட்டேன் மேடம். இனி எது வந்தாலும் இந்தப் படம்தான்."

நிறைமதி அம்புகளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒதுக்கின பையை வாங்க யாருமே வரலைன்னா அண்ணா?"

உடையப்பன் அம்புகளின்மேல் விரலை ஓட்டினார்; அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் பையை மட்டும் வரைந்தார்.